தண்டையார்பேட்டைத் தரகர் ஒருவர் சமூக ஊடகத்துக்கு வந்தபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் வீடும் மனையும் பார்த்துக் கொடுக்கும் ஒருவர் சமூக ஊடகத்தில் எதைப் போடலாம், யாருக்காகப் போட வேண்டும் என்பதை ஒரே ஒருவருடைய அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். அவர் தண்டையார்பேட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருப்பவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே 'அண்ணன்' என்றே குறிப்பிடுகிறேன். நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். சிறு வியாபாரிகளுக்கு இணைய விளம்பர வேலை செய்து கொடுப்பது என் தொழில். இவருடன் தொடக்கம் முதல் கூட இருந்து பார்த்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்த பதில்களை, வீட்டின் குறைகள் உட்பட, எல்லோரும் பார்க்கும்படி வெளியே வைத்தார். தொழிலுக்கு உதவியது அதுதான். அதற்கு முன்னால் போட்ட போஸ்டர்களும் வாழ்த்துப் படங்களும் ஒரு வாடகை வீட்டைக்கூட முடித்துத் தரவில்லை.

முன்பு இருந்த நிலை

அண்ணனுக்கு வேலை வந்த வழிகள் மூன்று. கேட்டில் தொங்கும் டு-லெட் போர்டு, டீக்கடை, ஏற்கெனவே வீடு முடித்துக் கொடுத்தவர்கள். புது வண்ணாரப்பேட்டையில் மகனுக்கு வீடு பார்த்துக் கொடுத்தால், இரண்டு வருடம் கழித்து மருமகளின் அண்ணன் வருவார். இந்தச் சங்கிலி நன்றாகவே ஓடியது.

மாற்றம் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ திறந்தார்கள். சுமார் 9 கிலோமீட்டர் நீட்டிப்பு. அதே தடம் சென்ட்ரல், கிண்டி வழியாக விமான நிலையம் வரை போவதால், அண்ணா சாலையிலும் கிண்டியிலும் வேலை பார்ப்பவர்கள் முதல்முறையாகக் காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி பக்கம் வாடகைக்கு வீடு தேட ஆரம்பித்தார்கள். இவர்களுக்கு இங்கே சொந்தக்காரர் கிடையாது, டீக்கடை தெரியாது. தேடுவது போனில். இன்னொரு பக்கம், வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் வீட்டைத் தாங்களே இணையத் தளங்களில் ஏற்றத் தொடங்கினார்கள். 'புரோக்கர் வேண்டாம்' என்ற வரியோடு.

ஆக, வீடு கொடுப்பவரும் தேடுபவரும் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் படிக்கும் மகள்தான் "அப்பா, நீங்களும் அங்க வாங்க" என்று பேஸ்புக் பக்கமும் இன்ஸ்டாகிராம் கணக்கும் திறந்து கொடுத்தாள்.

தொடக்கம்: யாரும் பார்க்காத போஸ்டர்கள்

முதல் சில மாதம் அந்தப் பக்கத்தில் இருந்தவை இவை. பொங்கல் வாழ்த்து, மூலையில் அண்ணன் படம். கட்டுமான நிறுவனங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வண்ண விளம்பரங்கள், அப்படியே மறுபதிவு. 'இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்தது, விலைக்குப் போன் செய்யவும்' என்ற வரிகள். லைக் போட்டவர்கள் பெரும்பாலும் மற்ற தரகர்கள்.

இதில் பயனில்லை என்பதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. கட்டுமான நிறுவனங்களின் புது விளம்பரங்களை மறுபதிவு செய்வது விளையாட்டுக் காரியமில்லை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, பதிவு செய்ய வேண்டிய ஒரு திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே கூடாது என்கிறது. பதிவான திட்டத்தின் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ரெரா ஆணையத்தின் இணையதள முகவரியும் இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட திட்டத்தில் வீடு விற்றுக் கொடுக்கும் முகவரும், அதாவது தரகரும், தன் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். மீறினால் முகவருக்கு மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் அபராதம், அந்த வீட்டின் விலையில் 5 சதவீதம் வரை போகலாம். ஒரு போஸ்டரைத் தட்டிவிடும் நேரத்தில் இதை யார் யோசிக்கிறார்கள்? எண் இல்லாத படங்கள் அத்தனையையும் அன்றைக்கே நீக்கினோம். முகவர் பதிவுக்கு அண்ணன் விண்ணப்பித்தார். அது முடியும்வரை பதிவான திட்டங்களைத் தொடுவதில்லை என்று தள்ளி வைத்தார்.

அதே சட்டத்தின் இன்னொரு வரி வடசென்னைக்கு மிக முக்கியமானது. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால், அல்லது குடியிருப்புகள் எட்டைத் தாண்டாவிட்டால், திட்டத்துக்குப் பதிவு தேவையில்லை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் பழைய வீட்டை இடித்துவிட்டு அரை கிரவுண்டிலும் ஒரு கிரவுண்டிலும் கட்டுகிற நாலு வீடு, ஆறு வீடு அடுக்ககங்கள் இந்த விலக்குக்குள் வந்துவிடும். ஒரு கிரவுண்டு என்பதே 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர்தான். பழைய வீடுகளின் மறுவிற்பனையும் இந்தப் பதிவுக்குள் வராது. வாங்குபவர் ஆணையத்தின் தளத்தில் தேடிப் பார்க்க அங்கே எதுவும் இருக்காது. தரகர் சொல்வதையும் தன் வக்கீல் சொல்வதையும் நம்பித்தான் அவர் பணம் கட்டுகிறார். அதனால்தான் இந்தப் பகுதித் தரகர் பொதுவெளியில் என்ன பேசுகிறார் என்பதற்கு இவ்வளவு எடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நோட்டுப் புத்தகம்

என்ன போடுவது என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, வரும் போன்களில் என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் கொஞ்ச நாள் எழுதச் சொன்னேன். மகள் எழுதினாள். திரும்பத் திரும்ப வந்தவை:

"தண்ணி எப்படி சார், மெட்ரோ வாட்டரா, போரா?"
"மழைக்கு ரோட்டுல தண்ணி நிக்குமா?"
"பட்டா இருக்கா? கோயில் எடம் இல்லையே?"
"பேங்க் லோன் கெடைக்குமா?"
"லீசுக்குத் தருவாங்களா?"
"ஹவுஸ் ஓனர் அதே பில்டிங்லயா இருக்காரு?"

எத்தனை படுக்கையறை என்று ஒருவரும் முதல் கேள்வியாகக் கேட்கவில்லை. அதைப் போட்டோவிலேயே பார்த்துவிடுகிறார்கள். பயம்தான் கேள்வியாக வருகிறது. இந்தக் கேள்விகளுக்கு அண்ணனிடம் இருந்த பதில்கள் வேறு யாரிடமும் கிடைக்காதவை. எந்தத் தெருவில் கோடையில் தண்ணீர் அழுத்தம் குறையும், எந்த முனையில் மழைநீர் தேங்கும், எந்த வரிசை வீடுகள் கோயில் மனையில் நிற்கின்றன என்பதெல்லாம் அவர் வாயில் வைத்திருக்கிறார். அதைப் படம் பிடிப்பதுதான் மிச்சம்.

முதலில் எடுத்தது லீஸ் பற்றி. வடசென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே லீஸ் என்றால் மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்ப வாங்குவது. மாத வாடகை கட்ட முடியாத, ஆனால் நகையை வைத்தோ சீட்டு எடுத்தோ ஒரு தொகை புரட்ட முடிகிற குடும்பங்கள் இதைத்தான் தேடுகின்றன. ஏமாற்றும் இங்கேதான் அதிகம். வீட்டை வாடகைக்கு எடுத்த ஒருவர், தானே உரிமையாளர் மாதிரி இன்னொரு குடும்பத்துக்கு லீசுக்கு விட்டுப் பணத்தோடு மறைந்துவிடுவார். அல்லது வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கும்.

அண்ணன் தன் கடை வாசலில் நின்று, சட்டைப் பையில் பேனாவோடு, மூன்று விஷயம் சொன்னார். பணம் பத்திரத்தில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கு மட்டும் போக வேண்டும். சொத்தின் மேல் அடமானமோ விற்பனையோ பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் நீங்களே பார்க்கலாம், பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும், வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து போட்டால் போதும் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பின்னணியில் டிஎச் ரோடு, அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் பஸ் ஹாரன். எடிட்டிங் என்று எதுவும் இல்லை. அவர் பக்கத்தில் அதுவரை போட்ட எல்லாவற்றையும்விட அதிகம் பேர் பார்த்ததும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் கைமாறியதும் அந்த வீடியோதான். அதில் விற்பனைக்கு ஒரு வீடும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது கோயில் மனை. திருவொற்றியூர் மாதிரி பழைய ஊர்களில் கோயிலுக்குச் சொந்தமான நிலத்தில் தலைமுறையாக வீடு கட்டி வாழ்பவர்கள் உண்டு. கட்டடம் அவர்களுடையது, மண் கோயிலுடையது, கோயிலுக்கு மனை வாடகை கட்டுவார்கள். அந்த நிலத்தை அறநிலையத்துறை அனுமதியில்லாமல் பத்திரப்பதிவு செய்ய முடியாது. வங்கிக் கடனும் கிடைக்காது. 'விலை மலிவு' என்று வரும் வீடுகளில் இப்படிப்பட்டவை கலந்திருக்கும். முன்பு குடிசை மாற்று வாரியம் என்று இருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடுகளும் அப்படியே. விற்பனைப் பத்திரம் வாங்காத ஒதுக்கீடுகள் கைமாறிக்கொண்டே இருக்கும். அண்ணன் இதை எந்தத் தெருவின் பெயரையும் சொல்லாமல், என்ன கேட்டால் உண்மை தெரியும் என்று மட்டும் விளக்கினார். அது சரியான முடிவு. அங்கே வாழும் குடும்பங்களின் மதிப்பை ஒரு வீடியோவுக்காகக் குறைத்துக் காட்டக்கூடாது.

மழை வீடியோவும் வீட்டுக்காரர் கோபமும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை பட்ட பாடு தெரியும். பல நாள் தண்ணீர் வடியவில்லை. எண்ணூர் கழிமுகப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து மீனவர்களின் படகையும் வலையையும் பாழாக்கியது. அதற்கப்புறம் கொடுங்கையூர், எம்கேபி நகர், வியாசர்பாடி பக்கம் வீடு கேட்கிறவர்கள் எல்லோரும் மழையைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள்.

கொடுங்கையூரில் தரைத்தள வீடு ஒன்று விற்பனைக்கு வந்தது. அண்ணன் வீட்டுக்குள் நடந்து காட்டிவிட்டு வாசலில் நின்று இப்படிச் சொன்னார்: "புயல் மழையில் இந்த ரோட்டில் முழங்கால் அளவு தண்ணி. வீட்டுக்குள் வரவில்லை, இதோ இந்த இரண்டாவது படியோடு நின்றது. வண்டியை மட்டும் மேட்டில் கொண்டு போய் விட வேண்டியிருந்தது." படியில் இருந்த கறையையும் காட்டினார்.

அன்று மாலையே வீட்டுக்காரர் போனில் கத்தினார். "என் வீட்ட விக்கச் சொன்னா நீ ஏன்யா தண்ணி வந்த கதைய ஊருக்குச் சொல்ற?" வீடியோவை நீக்கச் சொன்னார், வீட்டையும் வேறு தரகரிடம் கொடுத்துவிட்டார். அண்ணன் நீக்கிவிட்டார். வீடு அவருடையது, அவர் சொன்னால் எடுத்தே ஆக வேண்டும்.

அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. பக்கத்துத் தெரு வீடு எதுவும் சொல்லாமல் விற்கப்படும்போது தன் வீடு மட்டும் ஏன் விலை குறைய வேண்டும் என்று கேட்கிறார். நாங்கள் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இது. வீடியோ எடுப்பதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் என்னென்ன சொல்லப் போகிறோம் என்று படித்துக் காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். மழை, தண்ணீர், பத்திரம் மூன்றையும் சொல்ல ஒப்புக்கொள்ளாதவரின் வீட்டுக்கு வீடியோ கிடையாது. பழைய முறையில், போன் வழியாக மட்டும் பார்த்துக் கொடுக்கலாம். அப்போதும் கேட்டவரிடம் மறைக்கக்கூடாது.

வீடு போனது, கமிஷன் போனது. ஆனால் அந்த வீடியோ இருந்த சில மணி நேரத்தில் பார்த்தவர்களில் சிலர் அண்ணனுக்குப் போன் செய்தார்கள். அந்த வீட்டை அவர்கள் கேட்கவில்லை. "தண்ணி நிக்காத எடமா நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்கள். அதில் ஒருவர் ஷார்ஜாவில் வேலை பார்ப்பவர், அம்மா காலடிப்பேட்டையில் இருக்கிறார். அம்மாவின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் முதல் மாடி வீடு வேண்டும் என்றார். ஊருக்கு வராமலே வீடியோ அழைப்பில் பார்த்து, பத்திர நகல்களைத் தன் வக்கீலுக்கு அனுப்பி, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தார். சமூக ஊடகம் வழியாக அண்ணன் முடித்த முதல் கிரயம் அது.

விலையும் முகவரியும்

விலையைப் போட அண்ணன் நீண்ட நாள் ஒப்பவில்லை. போன் வந்தால்தானே பேச முடியும் என்பது அவர் வாதம். விலை இல்லாத பதிவுகளின் கீழே 'எவ்வளவு', 'டீட்டெயில்ஸ்' என்று கேள்விகள் குவியும். ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவதற்குள் இரவு பதினொன்றாகும், விலை கேட்டதும் முக்கால்வாசிப் பேர் காணாமல் போவார்கள். விலையைப் போட்ட பிறகு அழைப்புகள் குறைந்தன. வந்தவர்கள் வாங்கக்கூடியவர்கள். சாயங்காலம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

முகவரி விஷயத்தில் அவர் பயம் உண்மையானது. வீட்டு முகப்பைக் காட்டினால் இன்னொரு தரகர் மறுநாளே வீட்டுக்காரரிடம் நிற்பார், அல்லது பார்ட்டியே நேராகப் போய்விடும். அதனால் உள்ளே முழுதும் காட்டுகிறார், வெளியே கதவு எண்ணும் முகப்பும் காட்டுவதில்லை. 'தேரடியிலிருந்து நடக்கிற தூரம்' என்ற அளவோடு நிறுத்துகிறார். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. தரகர்களின் படங்களைத் திருடி, பாதி வாடகைக்குப் போட்டு, 'முன்பணம் ஜிபேயில் அனுப்புங்கள்' என்று ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தின் நடுவில் அவர் போன் எண்ணைப் பெரிதாகப் பதித்துவிடுகிறோம். பணம் இழந்தவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதையும் அவ்வப்போது பதிவிடுகிறார்.

'சைவம் மட்டும்', 'இன்னார் மட்டும்' என்ற நிபந்தனைகளை எழுதச் சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு. அண்ணன் எழுதுவதில்லை. காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீன் சமைக்கும் குடும்பத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் வரியைத் தன் பெயரில் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரை எனக்குப் பிடித்துப்போக இதுவும் ஒரு காரணம்.

எந்த ஊடகம், எவ்வளவு செலவு

இன்ஸ்டாகிராமிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் மெட்ரோவை நம்பி வாடகைக்குத் தேடும் இளைஞர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். பேஸ்புக்கில் லீஸ் தேடும் நடுத்தர வயதினரும், வீட்டை விற்க நினைப்பவர்களும். விற்பவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது அண்ணனுக்கே ஆச்சரியம். யூடியூபில் மெதுவாகத்தான் பார்ப்பார்கள், ஆனால் 'திருவொற்றியூர் லீஸ் வீடு' என்று தேடி வருகிறவர் பழைய வீடியோவையும் பார்த்துவிட்டு அழைக்கிறார். அதே வீடியோவை மூன்றிலும் போடுகிறோம், தனித்தனியாக எடுப்பதில்லை.

எல்லாம் வந்து சேரும் இடம் வாட்ஸ்அப் பிசினஸ். இலவசச் செயலி, தனி சிம் போட்டுக்கொண்டோம். வாடகை, லீஸ், கிரயம் என்று ஒவ்வொருவருக்கும் லேபிள். தண்ணீர், அட்வான்ஸ், கமிஷன் கேள்விகளுக்குத் தயார் பதில்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் முதல் உரையாடலிலேயே "நம்பர சேவ் பண்ணிக்குங்க" என்று சொல்லப் பழகினார்.

கட்டண விளம்பரத்துக்கு நாளைக்கு 200 ரூபாய் வைத்தோம், லீஸ் வீடியோவுக்கு மட்டும். முதலில் சென்னை முழுக்க விட்டபோது தாம்பரம், போரூரிலிருந்து அழைத்து, "தண்டையார்பேட்டையா" என்று கேட்டதும் வைத்துவிட்டார்கள். அப்புறம் தண்டையார்பேட்டையை நடுவில் வைத்துச் சில கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பார்த்தோம். வட்டத்தில் ஏறக்குறைய பாதி வங்காள விரிகுடா! கடலோர ஊர்க்காரர்கள் ஒரே வட்டம் போடுவதைவிட, திருவொற்றியூர், கொடுங்கையூர், பெரம்பூர் என்று மேற்கிலும் வடக்கிலும் தனித்தனியாகச் சிறு வட்டங்கள் போடுவது நல்லது. இங்கே வீடு வாங்குபவர் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர், அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க ஆசைப்படுபவர். அவர் நாலைந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறார்.

பணம் வாங்கிக்கொண்டு பின்தொடர்பவர்களைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னவர்களைத் தவிர்த்தோம். ட்ரோன் படம் தேவைப்படவில்லை. காலை எட்டு மணிக்குள் எடுத்தால் வெளிச்சமும் நன்றாக இருக்கும், தெருவும் அமைதியாக இருக்கும். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலைக்குப் பக்கத்து வீடு என்றால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து இன்னொரு முறை எடுக்கச் சொல்வேன். வாங்குபவர் அந்தச் சத்தத்தோடுதான் வாழப் போகிறார்.

மாதவரம் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடப்பதை வைத்து 'மெட்ரோவுக்கு ஐந்து நிமிடம்' என்று எழுதச் சிலர் கேட்டார்கள். ஓடாத ரயிலுக்கு நிமிடக் கணக்கு எழுத முடியாது. 'வேலை நடக்கிறது, திறந்த பிறகு இவ்வளவு தூரம்' என்று எழுதுகிறார். விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டியவருக்குக் கட்டுமான நிறுவனம் ஈடு செய்ய வேண்டும் என்று ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை வெளியிடும் முகவரின் பதிவை ரத்து செய்யவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

இப்போது

வாடகை வீடுகளில் பாதிக்கு மேல் இப்போது போனில் பதிவுகளைப் பார்த்து வருபவர்கள் வழியாகவே முடிகின்றன. லீஸ் விசாரணை அதைவிட அதிகம், ஆனால் பத்திரம் சரியாக இருக்கும் லீஸ் வீடுகள் கிடைப்பதுதான் கஷ்டம். கிரயத்தில் பெரிய மாற்றம் இல்லை. வீடு வாங்க ஒரு குடும்பம் வருடக்கணக்கில் யோசிக்கும், அதற்கு வீடியோ அவசரம் சேர்க்காது. டீக்கடை வழியாக வருபவர்களும் குறையவில்லை. அவர்களும் இப்போது "உங்க வீடியோ பாத்தோம்ணே" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

அடுத்ததாக அண்ணன் எடுக்க நினைப்பது, கிரயத்துக்கு முன் தாய்ப் பத்திரத்தை, அதாவது சொத்தின் முந்தைய உரிமைப் பத்திரத்தை, எப்படிப் படிப்பது என்ற தொடர். அதற்கு ஒரு வக்கீலைப் பேச வைக்க வேண்டும் என்கிறேன் நான். தானே பேசினால் போதும் என்கிறார் அவர். பத்திரத்தில் என்ன இருக்கிறது என்பதை அவர் காட்டட்டும், அது சட்டப்படி செல்லுமா என்பதை வக்கீல் சொல்லட்டும் என்ற அளவில் பேச்சு நிற்கிறது. மழைக்காலம் தொடங்குவதற்குள் முதல் பகுதியை எடுத்துவிட வேண்டும் என்று மகள் தேதி குறித்து வைத்திருக்கிறாள்.